சுருட்டுக் கொட்டிலில் கேட்ட புதுமைப்பித்தன்

புதுமைப்பித்தனை நான் முதன்முதலிற் படிக்கவில்லை, கேட்டேன். கேட்ட இடம் கல்லூரி வகுப்பறையன்று. இலக்கியச் சங்க மேடையுமன்று. கொக்குவிலில் எங்கள் வீட்டுக்கு அண்மையில், கிடுகு வேய்ந்த ஒரு சுருட்டுக் கொட்டிலிலேதான் அவரது குரல் முதலில் என் காதில் விழுந்தது.

அந்நாளிற் கொக்குவில் சுருட்டுக்குப் பேர்போன ஊர். தொழிலாளர் வரிசையாகச் சப்பணமிட்டு அமர்ந்து புகையிலையைச் சுற்றிக்கொண்டிருப்பர். கோடா மணம் கொட்டிலை நிறைத்திருக்கும். கைகளுக்கு வேலை உண்டு; காதுகளுக்கு வேலையில்லை. ஆகவே ஒருவர் பத்திரிகையை உரத்து வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக்கொண்டே தொழில் செய்வார்கள். உலகச் செய்தி, உள்ளூர் அரசியல், தொடர்கதை எல்லாம் அவ்வழியாகவே அவர்களை அடைந்தன. பள்ளிக்கூடம் விட்டதும் நானும் போய் ஒரு மூலையில் இருந்துகொள்வேன்.

1960ஆம் ஆண்டளவில் ஒரு நாள். கொழும்புப் பத்திரிகை உரிய வேளைக்கு வந்து சேரவில்லை. வாசிப்பவர் அட்டை கிழிந்த ஒரு கதைப் புத்தகத்தை எடுத்தார். கதை தொடங்கியதுமே அதன் நாயகியின் மூச்சு அடங்கிவிட்டது. நாங்கள் அப்பு என்று அழைக்கும் முதிய தொழிலாளி ஒருவருக்கு இது பிடிக்கவில்லை. தொடக்கத்திலேயே பெண் இறந்துவிட்டால் அதற்குமேற் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று அவர் முணுமுணுத்தார். வாசிப்பவர் விடை கூறாமல் மேலே வாசித்தார். சிறிது நேரத்தில், அந்தப் பெண்ணின் கணவன் தீபாவளிக்காகக் கடையிலிருந்து சேலைகளைக் கொண்டுவந்து அவளிடம் காட்டும் இடம் வந்தது. முணுமுணுத்த அப்புவின் கை சுற்றுவதை நிறுத்தியிருந்ததை நான் கண்டேன். கதை முடிந்ததும் தொடக்கத்தை இன்னொருமுறை வாசிக்கும்படி கேட்டவரும் அவரே.

அக்கதை 'செல்லம்மாள்' என்பதும், அதை எழுதியவர் புதுமைப்பித்தன் என்பதும் பின்னரே எனக்குத் தெரியவந்தன. முடிவைத் தொடக்கத்தில் வைத்துக் கடந்த காலத்துக்குத் திரும்பும் அம்முறைக்குப் பின்னோக்கு என்று பெயர் என்பதும், வரப்போவதை முன்கூட்டியே உணர்த்தி வைப்பதற்கு முன்குறிப்பு என்று பெயர் என்பதும் அதற்கும் பின்னரே தெரிந்தவை.

நான் ஆசிரியத் தொழிலில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன். இவ்விரு உத்திகளுக்கும் வரைவிலக்கணம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மாணவர்கள் அவற்றை மனனஞ் செய்து புள்ளிகளும் பெற்றார்கள். ஆயினும் அந்த அப்புவின் கை ஏன் நின்றது என்பதை என் வரைவிலக்கணம் எவருக்கும் விளக்கியதில்லை. அதைவிடப் பெரிய பிழை ஒன்றையும் நான் செய்தேன்.

பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊரில் ஒரு மாலைக் கூட்டத்திற் புதுமைப்பித்தனின் வாழ்க்கையைப் பற்றிப் பேசினேன். எட்டு வயதிலே தாயை இழந்த பிள்ளை. சாவைப் பற்றித் திரும்பத் திரும்ப எழுதிய கதாசிரியர். நாற்பத்திரண்டு வயதிற் காசநோய்க்குப் பலியானவர். இம்மூன்றையும் ஒரே நூலிற் கோத்து, முன்னதெல்லாம் பின்னதற்கு முன்குறிப்பாக அமைந்தது போலச் சொன்னேன். சபையில் இருந்தவர்களின் கண்கள் கலங்கின. எனக்கும் மனநிறைவாக இருந்தது.

கூட்டம் கலைந்தபின் ஒருவர் என்னருகே வந்தார். புகையிலைக் கறை படிந்த விரல்கள். என்னிலும் சில வயது மூத்தவர். சிறுவயதில் அதே கொட்டிலில் வேலை பழகியவர். தாய் இறந்த அன்று அந்த எட்டு வயதுப் பிள்ளைக்குத் தன் முடிவு தெரிந்திருந்ததா என்று அவர் கேட்டார். தெரிந்தது வாத்தியாருக்குத்தானே என்றார். செல்லம்மாள் கதையைச் சொன்னவன் முடிவை மறைக்காமல் முதலிலேயே நம் முன் வைத்துவிட்டான் என்றும், நான்தான் முடிவைக் கைக்குள் வைத்துக்கொண்டு இடையிடையே விரலை விரித்துக் காட்டினேன் என்றும் சொன்னார். அவருக்கு விடை சொல்ல எனக்கு வாய் எழவில்லை. அவர் ஏன் அவ்வளவு வருந்தினார் என்பதைக் கடைசியிற் கூறுவேன். அந்த மாலையில் நான் பிழைபடச் சொன்ன வாழ்க்கையை இங்கு நடந்த ஒழுங்கிலே சொல்ல முயல்கிறேன்.

சொ. விருத்தாசலம் 1906ஆம் ஆண்டு ஏப்ரில் 25ஆந் திகதி திருப்பாதிரிப்புலியூரிற் பிறந்தார். குடும்பத்தின் வேர் திருநெல்வேலி. தந்தை சொக்கலிங்கம் பிள்ளை அரசாங்க உத்தியோகத்தர், தாசில்தாராக இருந்தவர். தாய் பர்வதத்தம்மாள். தந்தையின் இடமாற்றங்களுக்கேற்பச் செஞ்சி, கள்ளக்குறிச்சி, திண்டிவனம் என்று ஊர் ஊராகப் பிள்ளைப்பருவம் கழிந்தது. எட்டு வயதில் தாய் இறந்தாள்; தந்தை மறுமணஞ் செய்துகொண்டார். 1918இல் குடும்பம் திருநெல்வேலிக்குத் திரும்பியது. தாமிரவருணிக் கரையின் பேச்சும் எள்ளலும் அங்கேதான் அவர் நாவில் ஏறின.

அவர் விரைந்து தேறிய மாணவரல்லர். திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் 1931இல் பி. ஏ. பட்டம் பெற்றபோது அவருக்கு இருபத்தைந்து வயது. அடுத்த ஆண்டிற் கமலாவை மணந்தார். பட்டம் பெற்ற மகன் தம்மைப்போல் அரசாங்க உத்தியோகத்தில் அமர்வான் என்று எதிர்பார்த்த தந்தைக்கு மகனின் எழுத்து ஆசை உவப்பாக இருக்கவில்லை.

1933இல் 'காந்தி' பத்திரிகையில் அவரது எழுத்து அச்சேறியது. அதே ஆண்டிற் சென்னையில் 'மணிக்கொடி' தோன்றியது. கே. ஸ்ரீநிவாசன், வ. ரா., டி. எஸ். சொக்கலிங்கம் ஆகிய மூவரும் அதன் முதல்வர்கள். 1934 முதல் மணிக்கொடியில் விருத்தாசலத்தின் கதைகள் வெளிவரத் தொடங்கின. புதுமைப்பித்தன் என்ற பெயர் நிலைத்தது. பி. எஸ். ராமையா பொறுப்பேற்று 1935இல் மணிக்கொடியைச் சிறுகதைக்கென்றே நடத்தியபோது, தமிழ்ச் சிறுகதைக்குப் புதிய காலம் ஒன்று பிறந்தது. இலங்கையர்கோன், சம்பந்தன், சி. வைத்தியலிங்கம் ஆகிய நம் முன்னோடிகளும் எழுதத் தொடங்கிய காலம் அதுவே. சுன்னாகத்திலிருந்து நா. பொன்னையா நடத்திய 'ஈழகேசரி' இங்கே அவ்வுணர்ச்சியை வளர்த்தது. புதுமைப்பித்தனும் நம் நாட்டை மறந்தவரல்லர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலிகளாக வந்தவர்களின் துயரத்தையே அவர் 'துன்பக்கேணி'யாக எழுதினார்.

சிறிது காலம் காரைக்குடியில் 'ஊழியன்' பத்திரிகையிலும், பின்னர் 1943 வரை சென்னையிற் 'தினமணி'யிலும் பணிபுரிந்தார். சம்பளம் குறைவு, வேலை அதிகம். மனைவியைப் பிரிந்து தனியாகச் சென்னையிற் கழித்த மாதங்கள் பல. அப்பிரிவுக் காலத்தில் அவர் கமலாவுக்கு எழுதிய கடிதங்கள் பின்னர் நூலாக வெளிவந்தன. கதைகளிற் காணும் கேலிக்காரர் அக்கடிதங்களில் இல்லை; அடுத்த மாதச் செலவை எண்ணிக் கவலைப்படும் கணவரே இருக்கிறார். பதினைந்து ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ நூறு கதைகளை அவர் எழுதியது இத்தகைய நெருக்கடிக்குள்ளேதான்.

அக்கதைகளில் மூன்றை எடுத்துக்கொண்டு நம் பொருளுக்கு வருவோம்.

1943இல் 'கலைமகள்' இதழில் வந்தது 'செல்லம்மாள்'. பட்டணத்து ஜவுளிக்கடையொன்றில் வேலைபார்க்கும் பிரமநாயகம் பிள்ளையின் மனைவி நெடுநாள் நோயாளி. கதை தொடங்கும்போது அவள் பிணமாகக் கிடக்கிறாள்; அவர் அருகில் இருக்கிறார். பிறகே கதை பின்னோக்கிச் செல்கிறது. இதே கதையை முறையாகத் தொடக்கத்திலிருந்து சொல்லியிருந்தால், நோயாளி பிழைப்பாளா என்ற ஒரே கேள்வி எங்களை இழுத்துச் சென்றிருக்கும். சேலை காட்டும் இடம் கதையின் போக்கைத் தடுக்கும் ஓர் இடைச்செருகலாகத் தோன்றியிருக்கும். முடிவு முதலிலேயே தெரிந்துவிட்டபடியால் அந்தக் கேள்வி விலகிவிட்டது. கேட்பவனுக்கு இப்போது விரைவில்லை. எந்தச் சேலை நன்றாக இருக்கிறது என்று அவள் பார்க்கும்போது, அதை உடுத்து அவள் நெடுநாள் இருக்கப்போவதில்லை என்பதை நாம் அறிவோம், அவள் அறியாள். ஊருக்கு ஒருமுறை போய்வர வேண்டும் என்று அவள் ஆசைப்படும்போதும், நோயின் மயக்கத்திலே தாயை நினைத்துப் பிதற்றும்போதும், அவ்வாறே. அப்புவின் கை நின்றது இதனாலேதான். பின்னோக்கு என்னும் உத்தி சாதாரண நாள்களுக்குப் பாரம் ஏற்றுகிறது.

1943இல் வந்த 'காஞ்சனை' வேறு வழியிற் செல்கிறது. தூக்கம் பிடிக்காத ஓர் இரவிற் கதை சொல்பவரின் மூக்கிற் காரணம் தெரியாத ஒரு வாசனை படுகிறது. அதன் பிறகே பிச்சைக்காரி ஒருத்தி அவ்வீட்டு வாசலுக்கு வருகிறாள். மனைவி அவளை வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். வாசனை முன்குறிப்பு. ஆனால் அது எதை உணர்த்துகிறது என்று ஆசிரியர் சொல்வதில்லை. அவள் பேயா, பெண்ணா என்பது கதை முடிந்த பின்னும் துலங்குவதில்லை. ஐயத்தைக் கதவடியிற் கொண்டுவந்து வைத்துவிட்டு ஆசிரியர் விலகிக்கொள்கிறார். முன்குறிப்புக்கு ஓர் அளவு உண்டு. அளவு மிஞ்சினால் வாசகன் முடிவை ஊகித்துவிட்டுச் சலிப்பான். குறைந்தால் முடிவு வந்தபோது ஏமாற்றப்பட்டதாக எண்ணுவான்.

அதே ஆண்டில் வந்த 'சாப விமோசனம்' இவ்விரண்டையும் ஒன்றாக்குகிறது. தெருவோரத்தில் ஒரு கற்சிலை கிடக்கிறது. அதுவே அகலிகை. இராமனின் அடிப்பொடி பட்டு அவள் உயிர்பெறுகிறாள். கோதமனும் அவளும் மறுபடி வாழத் தொடங்குகிறார்கள். ஆயினும் பழைய நிகழ்ச்சியின் நிழல் இருவரையும் விடுவதில்லை. பிறர் இயல்பாகச் சொல்லும் சொல்லிலும் அவள் இரண்டாவது பொருள் கேட்டு அஞ்சுகிறாள். வனவாசம் முடிந்து வந்த சீதை, தான் தீக்குளிக்க நேர்ந்ததைச் சொல்கிறாள். தன்னை மன்னித்த தெய்வம் சீதையைச் சோதித்ததா என்று அகலிகையின் உள்ளம் இறுகுகிறது. மீண்டும் அவள் கல்லாகிறாள். தொடக்கத்திற் கிடந்த கல் முடிவிலும் கிடக்கிறது. முதன்முறை பார்த்தபோது அது பழங்கதையின் தொடக்கம். இரண்டாம் முறை பார்க்கும்போது அதுவே தீர்ப்பு. முன்குறிப்பை முன்குறிப்பென்று நாம் உணர்வது முடிவை அடைந்து திரும்பிப் பார்க்கும்போதுதான். ஒரே நூலின் இரு முனைகளே இவ்விரு உத்திகளும்.

இவை மேலைநாட்டுச் சரக்கு என்று கருதுவோர் சிலப்பதிகாரத்தை நினைவுகூர வேண்டும். இந்திரவிழாவின்போது கண்ணகிக்கு இடக்கண்ணும் மாதவிக்கு வலக்கண்ணும் துடிக்கின்றன. கனாத்திறம் உரைத்த காதையிற் கண்ணகி தான் கண்ட தீக்கனவைத் தேவந்திக்குச் சொல்கிறாள். அவை முன்குறிப்புகள். மதுரை எரிந்த பின்னர், கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் தோன்றிக் கோவலனின் முற்பிறப்புச் செய்தியைக் கண்ணகிக்கு எடுத்துரைக்கிறது. அது பின்னோக்கு. நடந்ததற்கு ஒரு காரணம் கிடைக்கிறது, கோவலன் கிடைப்பதில்லை. கனவு கண்ட அன்று கண்ணகி அஞ்சினாளேயன்றி முழுவதையும் அறிந்தாளில்லை என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். முழுவதையும் அறிந்திருந்தவர் இளங்கோவடிகள் ஒருவரே.

இனி அவரது கடைசி ஆண்டுகளுக்கு வருகிறேன். 1943இல் தினமணியிலிருந்து டி. எஸ். சொக்கலிங்கம் விலகியபோது புதுமைப்பித்தனும் விலகினார். பின்னர் சொக்கலிங்கம் தொடங்கிய 'தினசரி'யிற் சிறிது காலம் இருந்தார். அதன்பின் திரையுலகம் அவரை அழைத்தது. 'அவ்வையார்', 'காமவல்லி' ஆகிய படங்களுக்காக எழுதினார். சொந்தமாகப் படம் எடுக்கும் ஆசையும் எழுந்தது. தாம் தொடங்கிய படக் கம்பனிக்கு அவர் இட்ட பெயர் பர்வதகுமாரி புரொடக்ஷன்ஸ். எட்டு வயதில் இழந்த தாயின் பெயர் முப்பது ஆண்டுகளுக்குப் பின் ஒரு வியாபாரப் பெயர்ப்பலகையில் வந்து அமர்ந்தது. அவர் வாழ்க்கையிற் பின்னோக்கு என்று நான் துணிந்து சொல்லக்கூடியது இது ஒன்றே. ஏனெனில் இங்கே திரும்பிப் பார்த்தவர் அவரே. கம்பனி எடுக்க எண்ணிய 'வசந்தவல்லி' கைகூடவில்லை. கைப்பொருள் போயிற்று.

எம். கே. தியாகராஜ பாகவதரின் 'ராஜமுக்தி' படத்துக்கு எழுதுவதற்காக அவர் பூனா சென்றார். அங்கே காசநோய் முற்றியது. 1948ஆம் ஆண்டு மே மாதம் திருவனந்தபுரத்துக்கு மனைவியிடம் திரும்பி வந்தார். யூன் 30ஆந் திகதி காலமானார். கமலா அம்மையாரும் இரண்டு வயதுப் பெண் குழந்தையும் எஞ்சினர். அவர் நண்பர் ரகுநாதன் எழுதிய வாழ்க்கை வரலாறு 1951இல் வெளிவந்தது. கதைகள் மறுபடி மறுபடி அச்சாயின. 2000ஆம் ஆண்டில் ஆ. இரா. வேங்கடாசலபதி கதைகள் முழுவதையும் ஆராய்ந்து செம்பதிப்பாக்கினார். 2002இல் தமிழ்நாட்டரசு அவரது எழுத்துக்களை நாட்டுடைமையாக்கியது.

இதுதான் வரலாறு. தாய் இறந்தது 1914இல் நடந்த ஒரு துயரம். அது 1948ஐச் சுட்டிய விரலன்று. பூனாவுக்குப் புறப்பட்டவர் சாகப் புறப்படவில்லை. கடனை அடைத்துக் குடும்பத்தை ஓரிடத்தில் வைத்து வாழப் புறப்பட்டார். அந்தப் பயணத்துக்குப் பெட்டி கட்டிய கைகளும் அப்படித்தான் நம்பியிருக்கும். வழி நெடுக அறிகுறிகள் இருந்தன என்று இன்று நான் சொன்னால், அவற்றைக் காணாமல் விட்டார்கள் என்ற பழியை அவரை நேசித்தவர்களின் தலையிற் சுமத்துகிறேன் அல்லவா?

அன்று கூட்டம் முடிந்து நானும் அந்த மனிதரும் புகையிரத நிலையப் பக்கமாக நடந்தோம். அப்போதுதான் அவர் தம் கதையைச் சொன்னார். 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் எல்லோரும் தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்த இரவில் அவரும் பெயர்ந்தார். அந்த இடப்பெயர்வுக் காலத்திலே தம் மகனை அவர் இழந்தார். ஊர் திரும்பியபின் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் ஒவ்வொருவரும் ஓர் அறிகுறியைக் கொண்டுவந்தார்களாம். முதல்நாள் நாய் ஊளையிட்டதை ஒருவர் நினைத்துக்கொண்டார். பிள்ளை சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்ததை இன்னொருவர். அவர்கள் அன்பினாலேதான் சொன்னார்கள். ஆனால் ஒவ்வொரு சொல்லும், தகப்பனாகிய நீ ஏன் அதைக் காணவில்லை என்று கேட்பதாகவே அவருக்குப் பட்டது. பல ஆண்டுகள் அவர் இரவிற் படுத்துக்கொண்டு அந்த நாள்களைத் திரும்பத் திரும்ப எண்ணி, எங்கே எதைத் தவறவிட்டேன் என்று தேடியிருக்கிறார். அந்த நாள்களில் ஒன்றும் எழுதப்பட்டிருக்கவில்லை. அவை வெறும் நாள்களாகத்தான் இருந்தன என்று தமக்குத் தாமே சொல்லிக்கொள்ள நெடுங்காலம் ஆயிற்று என்றார்.

நான் முப்பது ஆண்டுகள் கற்பித்த பாடத்தை அந்தத் தெருவிலே நான் கற்றுக்கொண்டேன். கதையில் முன்குறிப்பு இருக்கலாம். ஏனெனில் கதையை ஆக்கியவன் முடிவை அறிந்தவன், அறிந்தே ஒவ்வொரு பொருளையும் அதனதன் இடத்தில் வைத்தவன். வாழ்க்கையில் நமக்கு வாய்ப்பது பின்னோக்கு மட்டுமே. அதையும் பழி தேடுவதற்குப் பயன்படுத்தலாகாது. செல்லம்மாளின் கணவன் பிணத்தருகே இருந்து நினைத்துப் பார்க்கும் நாள்களைப் புதுமைப்பித்தன் எப்படிச் சொன்னார் என்பதைக் கவனியுங்கள். எங்கே பிழைத்தது என்ற விசாரணை அங்கே இல்லை. ஒரு மனிதன் தன் மனைவிக்குச் சேலை கொண்டுவந்தான், அவள் பார்த்தாள். அவ்வளவே.

அந்தக் கொட்டில் இன்று இல்லை. வாசித்தவரும் அப்புவும் மறைந்துவிட்டனர். என்னோடு தெருவில் நடந்த அந்த மனிதரும் காலமாகிவிட்டார். ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. இந்த உத்திகளைக் கற்பிக்கும் நாளில் வரைவிலக்கணத்தைக் கரும்பலகையில் எழுதுவதற்கு முன்பு, 'செல்லம்மா'ளை ஒருமுறை உரத்து வாசியுங்கள். வாசித்து முடித்ததும், தொடக்கத்தை இன்னொருமுறை வாசிக்கச் சொல்லி எந்த மாணவன் கேட்கிறான் என்று பாருங்கள். அவனிடமிருந்து பாடத்தைத் தொடங்கலாம்.